நட்ஸ் அலர்ஜி உள்ளவருக்கு விறகுப் புகையில் சமைப்பது எப்படி: பீக்கன், ஹிக்கரி முதல் முந்திரி விறகு வரை

டெக்சாஸில் பீக்கன்தான் மாநில மரம். 1919 முதல் அதற்கு அந்தத் தகுதி உண்டு. அங்கே பிரிஸ்கெட் (மாட்டின் நெஞ்சுக்கறி) புகைபோடும் பலருடைய கொல்லையில் பீக்கன் விறகு அடுக்கியிருக்கும். மெம்பிஸ், கரோலினா பக்கம் போனால் ஹிக்கரி. கலிஃபோர்னியாவில் பாதாம் தோட்டங்களைப் பிடுங்கும்போது கிடைக்கும் பாதாம் விறகு. இவை மூன்றுமே கொட்டை காய்க்கும் மரங்கள். விருந்துக்கு வருகிறவருக்கு முந்திரி, பாதாம், வால்நட், பீக்கன் ஆகாது என்றால், அந்த மரத்தின் புகையில் வெந்த இறைச்சியை அவர் சாப்பிடலாமா?

சுருக்கமாகச் சொன்னால், காய்ந்த, சுத்தமான அடிமரக் கட்டையிலிருந்து வரும் புகையில் அலர்ஜியைத் தூண்டும் கொட்டைப் புரதம் வருவதற்கு வழி அநேகமாக இல்லை. ஆனால் கட்டையோடு ஒட்டிவரும் ஓடு, பெல்லட் எனும் அழுத்திய மரத்தூள் எரிபொருளில் கலக்கும் எண்ணெய், போன வாரம் அதே ஸ்மோக்கரில் (புகைபோடும் அடுப்பில்) புகைபோட்ட பாதாம், இறைச்சி வெட்டும் பலகை, மேலே பூசும் சாஸ் ஆகியவற்றில் வழி நிறைய இருக்கிறது. பயப்பட வேண்டிய இடத்தை விட்டுவிட்டுப் புகையையே பார்த்துக்கொண்டிருப்பதுதான் இந்த விஷயத்தில் வழக்கமாக நடக்கும் தவறு.

சமைக்கும் முன் கேட்க வேண்டியவை

அலர்ஜி உள்ளவரிடமோ குழந்தையின் பெற்றோரிடமோ நான்கு விஷயங்களைக் கேளுங்கள். எந்தக் கொட்டை ஆகாது, எல்லாமா அல்லது குறிப்பிட்டவை மட்டுமா? கடைசியாக எதிர்வினை வந்தபோது என்ன ஆனது? ஆஸ்துமா இருக்கிறதா, இப்போது கட்டுக்குள் இருக்கிறதா? அட்ரினலின் ஊசி கையில் கொண்டுவருவார்களா?

மூன்றாவது கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. புகை விஷயத்தில் அதுதான் முதல் கேள்வி. எந்த மரத்தின் புகையானாலும், அதிலுள்ள நுண்துகளும் அக்ரோலின், ஃபார்மால்டிஹைடு போன்ற வாயுக்களும் ஆஸ்துமாக்காரரின் மூச்சுக்குழாயைச் சுருக்கும். அதற்குக் கொட்டை தேவையில்லை. ஆஸ்துமா கட்டுக்குள் இல்லாதவருக்கு உணவு அலர்ஜி வந்தால் அது உயிருக்கு ஆபத்தாக மாறும் வாய்ப்பும் அதிகம்.

அவருடைய அலர்ஜி டாக்டர் “அந்த மரமே வேண்டாம்” என்று சொல்லியிருந்தால் அங்கேயே பேச்சு முடிந்தது. ஓக் விறகு வாங்கிக்கொள்ளுங்கள். கீழே சொல்லும் எந்த விளக்கமும் ஒருவருடைய டாக்டர் சொன்னதை மாற்றுவதற்கானது அல்ல.

புகையில் என்ன வருகிறது

நட்ஸ் அலர்ஜியைத் தூண்டுபவை பெரும்பாலும் விதைச் சேமிப்புப் புரதங்கள். அடுத்த தலைமுறைச் செடிக்காக மரம் விதைக்குள் சேர்த்துவைக்கும் சத்து அது. 2எஸ் அல்புமின், விசிலின், லெகுமின் என்று அவற்றை வகைப்படுத்துகிறார்கள். பாதாம் பருப்பின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு புரதம். முந்திரியில் அதைவிடச் சற்றுக் குறைவு. வால்நட்டில் ஏறக்குறைய 15 சதவீதம்.

அடிமரத்தின் கதை வேறு. அதில் 40 முதல் 45 சதவீதம் செல்லுலோஸ். மீதியில் பெரும்பகுதி ஹெமிசெல்லுலோஸும் லிக்னினும். புரதத்தின் அளவைக் காட்டும் நைட்ரஜன், வைரம் பாய்ந்த கட்டையில் அரை சதவீதத்துக்கும் கீழே. அந்தச் சொற்பப் புரதமும் மரத்தின் உயிரணுக்களுக்கு வேலை செய்தது, விதைக்காகச் சேமித்தது அல்ல.

இனி நெருப்பு. ஹெமிசெல்லுலோஸ் 200 முதல் 300 டிகிரி செல்சியஸிலும், செல்லுலோஸ் 300 முதல் 400 டிகிரியிலும் சிதைகின்றன. லிக்னின் அதையும் தாண்டி மெதுவாகச் சிதையும். இந்தச் சிதைவில் பிறக்கும் ஆவிதான் நாம் புகை என்று சொல்வது. புகை வாசனையைத் தரும் குவையகோல், சிரிங்கோல் இரண்டும் லிக்னினிலிருந்து வருபவை. ஒரு கட்டை புகையாக மாறும் வெப்பத்தில் அதிலிருக்கும் புரதமும் உடைந்துபோகும். புரதம் தானாக ஆவியாகும் பொருளும் அல்ல.

இதை வைத்து “சூடு பட்டால் அலர்ஜி போய்விடும்” என்று முடிவுகட்டிவிடாதீர்கள். அடுப்படியில் அது பொய். கொட்டையை 150 டிகிரியில் வறுத்தாலும், வேகவைத்தாலும், கேக்கில் போட்டுச் சுட்டாலும் 2எஸ் அல்புமின் போன்றவை அசையாமல் நிற்கும். வறுபடுவது வேறு, கரியாகிப் போவது வேறு. ஸ்மோக்கரின் உள்ளே இறைச்சி இருக்கும் இடம் 107 முதல் 135 டிகிரிதான். அங்கே கம்பியில் ஒட்டியிருக்கும் பாதாம் துணுக்குக்கு ஒன்றுமே ஆகாது. நெருப்புப் பெட்டிக்குள் விழுந்த துணுக்குதான் எரியும்.

வாசனையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2003-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், வேர்க்கடலைக்குக் கடும் அலர்ஜி உள்ள 30 குழந்தைகளைப் பீநட் பட்டரை 10 நிமிடம் முகரவைத்தார்கள். ஒருவருக்கும் மூச்சுத்திணறலோ உடல் முழுவதும் பரவும் எதிர்வினையோ வரவில்லை. வாசனை என்பது சிறு ஆவிப் பொருள்கள், புரதம் அல்ல. ஆனால் கொதிக்கும், தெறிக்கும் பாத்திரம் அப்படியல்ல. மீன் கொதிக்கும் நீராவியிலும், நெய்யில் முந்திரி பொரியும்போது தெறிக்கும் துளியிலும் புரதம் காற்றில் ஏறிவரும்.

எந்த மரம், எதில் கவனம்

ஹிக்கரியும் பீக்கனும் ஒரே பேரினம். இரண்டும் வால்நட்டின் குடும்பம். வால்நட் ஆகாதவருக்குப் பெரும்பாலும் பீக்கனும் ஆகாது, அவற்றின் புரதங்கள் அவ்வளவு ஒத்தவை. எனவே “அலர்ஜி வால்நட்டுக்குத்தானே, பீக்கன் ஓட்டைப் போடலாம்” என்ற கணக்கு செல்லாது. கட்டை என்ற அளவில் இரண்டும் மேலே சொன்ன விதிக்குள் வரும்.

கறுப்பு வால்நட் விறகை அலர்ஜி இல்லாதவருக்குக்கூடப் பரிந்துரைக்க மாட்டோம். புகை கசக்கும். அதன் காயின் மேல்தோலிலும், மரத்தின் வேரிலும் இலையிலும் உள்ள ஜக்லோன் என்ற பொருள் நம் தோலை எரிக்கும்.

பாதாம் மரம் ப்ளம், செர்ரியின் உறவு. கட்டை இனிமையாகப் புகையும். ஆனால் தோட்டத்துக் கட்டையின் கவட்டுகளில் உலர்ந்துபோன பழைய காய்கள் ஒட்டிக்கொண்டிருப்பது சகஜம். அவற்றைப் பொறுக்காமல் அடுப்பில் வைக்கக் கூடாது.

மெஸ்கீட் கொட்டை மரமே அல்ல, அவரைக் குடும்பம். வேர்க்கடலையும் அவரைக் குடும்பம் என்பதால் சிலர் பயப்படுவார்கள். நெற்றிலிருந்து அரைக்கும் மெஸ்கீட் மாவு விஷயத்தில் அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு, விறகில் இல்லை. நம் ஊர் சீமைக்கருவேலம் இந்த மெஸ்கீட்டின் நேர்ப் பங்காளிதான்.

ஓக், ஆப்பிள், செர்ரி, ஆல்டர், மேப்பிள் ஆகியவற்றைப் பற்றி இந்த அலர்ஜிக் கோணத்தில் சொல்ல ஒன்றும் இல்லை. மத்திய டெக்சாஸின் பேர்பெற்ற கடைகள் எரிப்பதே போஸ்ட் ஓக்தான். அலர்ஜிக்காரர் பந்தியில் இருக்கும் நாளில் ஓக் விறகைப் பிரித்துவைப்பதால் ருசியில் எதுவும் குறையாது. புகையைப் பார்த்தே பதறும் விருந்தாளியிடம் வேதியியல் பாடம் நடத்துவதைவிட ஓக் எரிப்பது சுலபம்.

இனி உண்மையிலேயே பயப்பட வேண்டிய புகை. முந்திரி, மா, பிஸ்தா எல்லாம் ஒரு குடும்பம். அமெரிக்கக் காடுகளில் மரத்தைச் சுற்றி ஏறும் நச்சுப் படர்கொடியான பாய்ஸன் ஐவியும் அதே குடும்பம். அதன் எண்ணெயில் உள்ள உருஷியால் தோலில் பட்டால் கொப்பளிக்கும். கொடியை எரித்தால் புகைத்துகளோடு ஏறி நுரையீரலையே புண்ணாக்கும். இது நட்ஸ் அலர்ஜி அல்ல, வேறு வகை, யாருக்கும் வரலாம். காட்டிலிருந்து வெட்டி வந்த ஹிக்கரி, ஓக் கட்டைகளின் பட்டையில் ரோமம் அடர்ந்த கயிறு போல ஒரு கொடி ஒட்டியிருந்தால் அந்தக் கட்டையைத் தனியே எடுத்துவிடுங்கள், எரிக்காதீர்கள். இலை உதிர்ந்து, கொடி காய்ந்து போயிருந்தாலும் எண்ணெய் அதில் இருக்கும்.

கட்டையைத் தேர்ந்து தயார்செய்வது

1. பிளந்த விறகாக வாங்குங்கள். 35 முதல் 40 செ.மீ. நீளம், மணிக்கட்டுப் பருமனிலிருந்து 8 செ.மீ. வரை இருந்தால், நெருப்புப் பெட்டி பக்கவாட்டில் உள்ள ஆஃப்செட் ஸ்மோக்கருக்குச் சரி. சுள்ளி, கிளை நுனி வேண்டாம். காயும் இலையும் பூந்துணரும் ஒட்டியிருப்பது அங்கேதான்.

2. ஒரு தார்ப்பாயில் கட்டைகளைப் பரப்பி, கடினமான பிரஷ்ஷால் நான்கு பக்கமும் தேயுங்கள். பட்டை இடுக்கில் பாருங்கள். அணில் கொண்டுவந்து செருகிய கொட்டை இருக்கும். இது விளையாட்டுப் பேச்சல்ல, பீக்கன் மரத்தடியில் அடுக்கிய விறகில் அடிக்கடி காணும் விஷயம். தேய்ப்பதை அலர்ஜிக்காரர் செய்யக் கூடாது. தேய்ப்பவர் கையுறையும் மாஸ்க்கும் போட்டு, பிறகு சோப்பால் கை கழுவ வேண்டும்.

3. பட்டை தானாகக் கழன்று வந்தால் உரித்துவிடுங்கள். பட்டையில்தான் பூஞ்சையும் தூசியும் மகரந்தமும் தங்கும்.

4. ஈரப்பத மீட்டரைப் புதிதாகப் பிளந்த முகத்தில் குத்திப் பாருங்கள். 15 முதல் 20 சதவீதம் இருக்க வேண்டும். 25-ஐத் தாண்டினால் கட்டை எரியாமல் கனன்று, வெள்ளையாக அடர்ந்த புகையைத் தள்ளும். அந்தப் புகை இறைச்சியைக் கசக்கவைக்கும், ஆஸ்துமாவைக் கிளப்பும்.

5. பச்சையும் கறுப்புமாகப் பூஞ்சை பூத்த கட்டையை ஒதுக்குங்கள்.

ரம்பத்தூள் தனி விஷயம். மரத்தூளே சிலருக்கு ஆஸ்துமா வரவழைக்கும். சிவப்பு சீடர் மரத்தில் வேலை செய்யும் தச்சர்களுக்கு வருவது மருத்துவம் நன்றாக அறிந்த நோய். அலர்ஜிக்காரர் வந்த பிறகு கட்டை அறுக்க வேண்டாம், முந்தின நாளே முடித்துவிடுங்கள்.

ஓடு, பெல்லட், கரி, பாட்டில் புகை

கட்டைக்குப் பாதுகாப்பானது என்று சொன்ன எதுவும் ஓட்டுக்குப் பொருந்தாது. லூசியானாவிலும் டெக்சாஸிலும் பீக்கன் ஓட்டைத் தணலில் போட்டுப் புகைபோடுவது பழைய வழக்கம், ஓடு பை பையாக விற்பனைக்கும் வரும். உடைத்த ஓட்டின் உட்புறத்தைக் கைவிரலால் தடவிப் பாருங்கள். பழுப்பான தோலும் பருப்புத் தூளும் விரலில் வரும். அது எரிவதற்கு முன்பே, பையைக் கொட்டும்போதே காற்றில் பறந்து கம்பியிலும் மேசையிலும் படியும். வால்நட் ஓடு, பாதாம் ஓடு, வேர்க்கடலைத் தொலி எல்லாவற்றுக்கும் ஒரே பதில்: அன்றைக்கு வேண்டாம், அதற்கு முன் அதே அடுப்பில் போட்டிருந்தால் கழுவாமல் வேண்டாம்.

பெல்லட் என்பது அழுத்திய மரத்தூள், சுமார் 6 மி.மீ. பருமன். பையில் “ஹிக்கரி” என்று இருந்தாலும் உள்ளே பெரும்பங்கு ஓக் அல்லது ஆல்டராக இருக்கலாம். சில தயாரிப்பாளர்கள் வாசனைக்கு எண்ணெய் சேர்ப்பார்கள். அச்சில் வழுக்குவதற்குத் தாவர எண்ணெய் விடுவோரும் உண்டு. அது எந்த எண்ணெய் என்பது பையில் இருக்காது. அமெரிக்காவில் 2004-ஆம் ஆண்டுச் சட்டமும், இந்தியாவில் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் 2020 லேபிள் விதிகளும் நட்ஸ் இருப்பதை அறிவிக்கச் சொல்வது உணவுப் பொருளுக்கு. விறகும் பெல்லட்டும் உணவு அல்ல. ஆகவே லேபிளில் எச்சரிக்கை இல்லை என்பது பாதுகாப்புக்குச் சான்று ஆகாது. தயாரிப்பாளருக்கு எழுதி மூன்றே கேள்வி கேளுங்கள்: நூறு சதவீதம் ஒரே மரமா, எண்ணெய் சேர்க்கிறீர்களா, எந்த எண்ணெய்? பதில் வராத பையை அலர்ஜிக்காரருக்கான சமையலில் பயன்படுத்த வேண்டாம். பெல்லட் தொட்டியில் பழையது மிச்சம் இருந்தால், புதியதை அதன் மேலேயே கொட்டாமல் காலிசெய்து, அடியில் தங்கிய தூளை வேக்குவம் வைத்து எடுத்துவிடுங்கள்.

கட்டைக் கரி ஏற்கெனவே கரியானது, அதில் புரதம் மிஞ்சாது. கரித்தூளை அழுத்திச் செய்யும் பிரிக்கெட்டில் மாவுச்சத்தைப் பசையாகச் சேர்ப்பார்கள். அது கோதுமையா சோளமா என்பது கோதுமை ஆகாதவரின் கவலை. நட்ஸ்காரருக்கு அது பொருட்டல்ல. தேங்காய் ஓட்டுக் கரியும் அப்படியே. தேங்காயை நட்ஸ் பட்டியலிலிருந்து அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்டிஏ 2025 ஜனவரியில் எடுத்துவிட்டது; தேங்காய் அலர்ஜி அபூர்வமாகச் சிலருக்கு இருப்பது வேறு விஷயம்.

பாட்டிலில் வரும் திரவப் புகை, ஹிக்கரிப் புகையைத் தண்ணீரில் குளிரவைத்து, தார் படியவிட்டு வடித்தது. அது உணவுப் பொருள் என்பதால் லேபிள் விதி பொருந்தும். பின்பக்கத்தைப் படியுங்கள்.

ஸ்மோக்கரைச் சுத்தம் செய்வது

புகைபோட்ட பாதாம், பீக்கன் எல்லாம் பார்பிக்யூக்காரர்களின் கொறிதீனி. தட்டில் பரப்பி ஸ்மோக்கரின் மேல் கம்பியில் இரண்டு மணி நேரம் வைப்பார்கள். துணுக்கு கம்பி வழியாகக் கீழே விழும், எண்ணெய் கம்பியில் படியும். அலர்ஜிக்காரருக்குச் சமைக்கும் முன் தெரிய வேண்டிய முதல் சங்கதி, இந்த அடுப்பில் இதுவரை என்னென்ன வெந்தது என்பது. இரவல் வாங்கிய ஸ்மோக்கர் என்றால் உரிமையாளரைக் கட்டாயம் கேளுங்கள்.

“உச்சச் சூட்டில் ஒரு மணி நேரம் ஓடவிட்டால் எல்லாம் எரிந்துவிடும்” என்பார்கள். நம்பாதீர்கள். சூடு எல்லா மூலையிலும் ஒரே அளவு இருக்காது. கொழுப்புத் தட்டும் மூடியின் ஓரமும் குளிர்ந்தே இருக்கும். செய்ய வேண்டியது இது: கம்பி, தண்ணீர்த் தட்டு, கொழுப்புத் தட்டு மூன்றையும் வெளியே எடுத்து வெந்நீரும் சோப்பும் விட்டுத் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசுங்கள். உட்சுவரில் உதிரும் கறுப்பைச் சுரண்டி வாருங்கள். பழைய அலுமினியத் தாளைத் தூக்கியெறியுங்கள். சாம்பலை முழுதும் அள்ளுங்கள். அதன் பிறகு அரை மணி நேரம் சூடேற்றுங்கள். கம்பி தேய்க்கும் பிரஷ் புதிதாக இருக்கட்டும், பழைய பிரஷ்ஷின் மயிரிடுக்கில் போன மாதத்து உணவே இருக்கும்.

கையைச் சோப்பால்தான் கழுவ வேண்டும். சானிடைசர் கிருமியைக் கொல்லும், புரதத்தைக் கையிலிருந்து எடுக்காது.

உண்மையான ஆபத்து: மசாலா, சாஸ், பலகை

இறைச்சிக்குப் பூசும் மசாலாவை நீங்களே கலக்குங்கள். டெக்சாஸ் முறைக்கு உப்பும் கொரகொரப்பாக உடைத்த மிளகும் சம அளவில் போதும். 5 கிலோ பிரிஸ்கெட்டுக்கு ஒவ்வொன்றிலும் கால் கப்பில் ஆரம்பியுங்கள். கடைப் பொடி என்றால் அதே ஆலையில் நட்ஸ் பொடிபண்ணுகிறார்களா என்று பாருங்கள். காபி, கோகோ கலந்த பொடிகளில் குறிப்பாகப் பாருங்கள்.

சாஸில் மறைந்திருக்கும் நட்ஸுக்குப் பெயர்போனவை மூன்று. பெஸ்டோவில் பைன் கொட்டை, பல நேரம் மலிவுக்கு முந்திரி. ரொமெஸ்கோவில் பாதாம். மெக்சிகோவின் மோலேயில் பாதாமும் வேர்க்கடலையும். சில இத்தாலியத் தொத்திறைச்சிகளில் பிஸ்தா முழுதாகவே இருக்கும்.

பலகை விஷயத்தில் இரண்டு அடுக்கு உண்டு. வால்நட் மரத்தில் செய்த வெட்டுப்பலகை பார்க்க அழகாக இருக்கும். மரம் பிரச்சினை இல்லை, மேலே பூசிய எண்ணெய் பிரச்சினை. மரப்பாத்திரங்களுக்கு வால்நட் எண்ணெய் பூசி மெருகேற்றுவது வழக்கத்தில் உண்டு. செக்கில் ஆட்டியது போலக் குளிர்முறையில் பிழிந்த எண்ணெயில் புரதம் தங்கும். பூசியது மினரல் ஆயிலா என்று தெரியாவிட்டால் பிளாஸ்டிக் பலகையை எடுங்கள். கம்பிக்கும் இரும்புச் சட்டிக்கும் கனோலா போன்ற சுத்திகரித்த எண்ணெயே போதும்.

மரப்பலகையின் மேல் மீனை வைத்துச் சுடும் முறையில் உணவு நேரடியாக ஈரமரத்தைத் தொடும். இது புகை அல்ல. அதற்குச் சீடர் அல்லது ஆல்டர் பலகையை மட்டும் எடுங்கள்.

பந்தியில் கவனிக்க வேண்டியது பீக்கன் பை எனும் இனிப்புப் பண்டம். பார்பிக்யூ விருந்தில் அது இல்லாமல் இருக்காது. அதை வெட்டிய கத்தி இறைச்சிப் பலகைக்கு வரும், பையைப் பரிமாறிய கரண்டி பீன்ஸ் பாத்திரத்துக்குள் போகும். அலர்ஜிக்காரருக்கு முதலில் பரிமாறிவிட்டு, அதன் பிறகே இனிப்பை மூடி திறப்பது நல்லது. இனிப்பையே மாற்றிவிட்டால் இன்னும் நல்லது. வாழைப்பழ புட்டிங் போதும். அதன் பிஸ்கட் டப்பாவை மட்டும் படித்துப் பாருங்கள்.

அன்றைய தீ

ஸ்மோக்கரைக் காற்று வீசும் திசையைப் பார்த்து வையுங்கள், உட்காரும் இடம் புகைக்கு எதிர்ப்பக்கம் குறைந்தது 7, 8 மீட்டர் தள்ளி இருக்கட்டும். கரித்தணல் போட்டு அதன் மேல் இரண்டு கட்டை வைத்து, மூடியைத் திறந்தபடி நன்றாகப் பற்றவிடுங்கள். 45 நிமிடத்தில் வெள்ளைப் புகை அடங்கி, புகைக்கூண்டின் வாயில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத நீலமாக மாறும். அதுவரை இறைச்சியை உள்ளே வைக்காதீர்கள். சிராய்களைத் தண்ணீரில் ஊறவைக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். முதலில் வருவது நீராவி, பிறகு வருவது கசப்புப் புகை.

30 முதல் 45 நிமிடத்துக்கு ஒரு கட்டை, சூடு 107 முதல் 121 டிகிரி செல்சியஸ். அடுத்துப் போடும் கட்டையை நெருப்புப் பெட்டியின் மேல் வைத்துச் சூடேற்றி வைத்தால் போட்டவுடன் பற்றும். சாம்பலைக் கிளறும்போது இறைச்சிப் பக்கக் கதவு மூடியிருக்கட்டும், சாம்பல் பறந்து இறைச்சியில் படியாது. இறைச்சியின் உட்சூடு 74-ஐத் தொடும்போது தாளில் சுற்றி, 93 முதல் 96 வரை போகவிடுங்கள்.

அலர்ஜிக்காரரின் பங்கைத் தனியாகச் சுற்றிப் பெயர் எழுதி வைப்பது நல்லது. வெட்டுமிடத்தில் நடக்கும் தவறுகள் அதை அணுகாது.

இருமலா, அலர்ஜியா?

புகை எரிச்சல் என்றால் கண் கரிக்கும், இருமல் வரும், மூக்கு ஒழுகும். காற்றோட்டமான இடத்துக்குப் போனதும் சில நிமிடத்தில் குறையும். உணவு அலர்ஜி சாப்பிட்ட சில நிமிடத்திலிருந்து 2 மணி நேரத்துக்குள் வரும். தோலில் தடிப்பு, உதடு அல்லது நாக்கு வீக்கம், தொண்டை இறுக்கம், குரல் மாறுதல், வாந்தி, தலைசுற்றல். இவற்றில் இரண்டு உறுப்புகள் சேர்ந்து பாதிக்கப்பட்டால், அல்லது தெரிந்த அலர்ஜிப் பொருளைச் சாப்பிட்ட பின் மூச்சோ ரத்த அழுத்தமோ தடுமாறினால், அதை அனாஃபிலாக்சிஸ், அதாவது உயிருக்கு ஆபத்தான கடும் அலர்ஜி, என்று வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகம் வந்தாலே ஊசி. தேவையில்லாமல் போட்ட ஊசியைவிடத் தாமதமாகப் போட்ட ஊசி ஆபத்தானது.

தானியங்கி ஊசியைத் தொடையின் வெளிப்பக்க நடுவில், உடுப்பின் மேலேயே அழுத்துங்கள்; கருவியில் சொன்ன விநாடி அளவு பிடித்திருங்கள். 15 முதல் 30 கிலோ எடையுள்ள குழந்தைக்கு 0.15 மில்லிகிராம், அதற்கு மேல் 0.3. மூக்கில் அடிக்கும் 2 மில்லிகிராம் ஸ்பிரேயை எஃப்டிஏ 2024 ஆகஸ்டில் அனுமதித்தது. படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள், மூச்சு வாங்கினால் உட்காரவையுங்கள், எழுந்து நடக்கவிடாதீர்கள். அமெரிக்காவில் 911, தமிழ்நாட்டில் 108. 5 முதல் 15 நிமிடத்தில் தேறாவிட்டால் இரண்டாவது ஊசி. செட்ரிசின் போன்ற மாத்திரை அரிப்பைக் குறைக்கும், ஊசிக்கு மாற்று அல்ல. தேறிய பிறகும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், சில மணி நேரம் கழித்துத் திரும்ப வருவது உண்டு.

ஊசியை ஸ்மோக்கர் பக்கத்து மேசையிலோ வெயிலில் நிற்கும் காரிலோ வைக்காதீர்கள். 20 முதல் 25 டிகிரியில் இருக்க வேண்டிய மருந்து அது. மருந்து நிறம் மாறியிருந்தால் மாற்றிவிடுங்கள்.

அமெரிக்கத் தென்மாநிலங்களுக்கே உரிய ஒரு குழப்பமும் உண்டு. லோன் ஸ்டார் என்ற உண்ணி கடித்தவர்களில் சிலருக்கு, இறைச்சியில் உள்ள ஒரு சர்க்கரைக்கு எதிரான ஆல்ஃபா-கேல் அலர்ஜி வரும். மாடு, பன்றி இறைச்சி சாப்பிட்டு 2 முதல் 6 மணி நேரம் கழித்து, பலருக்கு நடுராத்திரியில், தடிப்பும் வயிற்றுவலியும் தொடங்கும். சாயங்காலம் பிரிஸ்கெட், இரவு ஆஸ்பத்திரி என்றால் பழி ஹிக்கரிப் புகை மேல் விழுவது சுலபம். இறைச்சி அலர்ஜி இருக்கிறதா என்று சோதிக்கும்படி டாக்டரிடம் சொல்லுங்கள்.

கடையில் சாப்பிடும்போது

“நட்ஸ் இருக்கா?” என்று கேட்டால் “இல்லை” என்றுதான் பதில் வரும். கேள்வியை மாற்றுங்கள். புகைக்கு ஓடு போடுகிறீர்களா, கட்டையா? ஸ்மோக்கரில் கொட்டை புகைபோடுவதுண்டா? பொடியும் சாஸும் இங்கேயே செய்வதா? இனிப்பு வெட்டும் கத்தி தனியா? கூட்டம் குறைந்த பிற்பகல் 2 மணிக்கு மேல் போன் பண்ணுங்கள், அடுப்புக்காரரே பேசுவார். பதில் சொல்லத் தயங்கும் இடத்தில் சாப்பிட வேண்டாம்.

ஊரில்

தமிழ்நாட்டில் பிரியாணிக் கடையின் அடுப்பில் எரிவது புளி, சவுக்கு, கருவேலம். இவற்றில் கவலைப்பட ஒன்றும் இல்லை. பண்ருட்டி, விருத்தாசலம் பக்கம் முந்திரி விறகு எரியும். வைரம் பாய்ந்த காய்ந்த அடிமரம் என்றால் மேலே சொன்ன விதியே. ஆனால் முந்திரிக் கொட்டையின் ஓட்டை அடுப்பில் போடவே கூடாது, அலர்ஜி இருந்தாலும் இல்லாவிட்டாலும். ஓட்டுக்குள் இருக்கும் எண்ணெயில் அனகார்டிக் அமிலமும் கார்டோலும் உண்டு, சேங்கொட்டைப் பால் பட்டால் தோல் வெந்துபோவதும் இதே இனப் பொருளால்தான். எரிக்கும்போது வரும் புகை கண்ணையும் நெஞ்சையும் பிடிக்கும், பாத்திரத்திலும் படியும்.

ஆனால் ஊரில் முந்திரி அலர்ஜிக்காரருக்கு ஆபத்து புகையில் இருந்து வருவதில்லை. குருமாவில் அரைத்த முந்திரி, பிரியாணியில் வறுத்துத் தூவிய முந்திரி, பொங்கலில் முந்திரி என்று அது சட்டிக்குள்ளேயே இருக்கிறது. கல்யாணச் சமையலில் ஒரே கரண்டி எல்லாச் சட்டியிலும் போய்வரும். பந்திக்கு முன் சமையல்காரரிடம் ஒரு பாத்திரத்தைத் தனியாக எடுத்துவைக்கச் சொல்வது மட்டுமே நம்பகமான வழி.

கங்கில் நெய் ஊற்றிப் புகைபிடிக்கும் டங்கார் முறையில் ஒரு நுணுக்கம். பிரியாணிக்கு முந்திரி வறுத்த அதே நெய்யைத்தான் பலர் கங்கின் மேல் ஊற்றுவார்கள். கங்கில் விழுந்த நெய் எரியும். ஓரத்தில் தெறிக்கும் துளி எரியாமல் சோற்றில் விழும். புதிதாக உருக்கிய நெய்யில் ஒரு டீஸ்பூன் தனிக் கரண்டியில் எடுத்து, கங்கு வைத்த கிண்ணத்தைச் சோற்றின் நடுவில் ஆழ அமுக்கி வைத்து ஊற்றி, உடனே மூடி 3 நிமிடம் விடுங்கள். திறந்ததும் முதலில் கிண்ணத்தை நேராகத் தூக்கி வெளியே எடுத்துவிடுங்கள், சாய்ந்தால் சாம்பல் கொட்டும்.